கலரே தெரியாத டிஜிட்டல் கேமரா: ரேஞ்ச்பைண்டரில் இருந்து மாறலாமா?

டிஜிட்டல் கேமரா என்றாலே கலர் படம்தான் நம் நினைவுக்கு வரும். கறுப்பு வெள்ளைப் படம் வேண்டும் என்றால் கலரில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு கிளிக்கில் கலரை நீக்கிவிடலாம். அப்படியிருக்க, கலரே எடுக்கத் தெரியாத கேமரா ஒன்றை ஒருவர் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? அதுவும் கலர் கேமராவை விட அதிக விலைக்கு?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜெர்மனியின் லைகா நிறுவனம் 2019ல் கியூ2 என்ற கலர் கேமராவை அமெரிக்காவில் 4,995 டாலருக்கு அறிமுகம் செய்தது. 2020 நவம்பரில் அதே உடல், அதே லென்ஸ் கொண்ட கறுப்பு வெள்ளை மாடலை கியூ2 மோனோகுரோம் என்ற பெயரில் 5,995 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டு வந்தது. கலரை எடுத்துவிட்டதற்கு ஆயிரம் டாலர் கூடுதல்!

இந்தக் கட்டுரை இரண்டு வகை வாசகர்களுக்காக. வீட்டில் அப்பா, பெரியப்பா காலத்து பிலிம் கேமரா ஒன்று இருக்கிறது, இப்போது புதிதாகக் கம்ப்யூட்டரும் வாங்கியிருக்கிறோம், இனி டிஜிட்டலுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள் முதல் வகை. சென்சார், பிக்சல் என்கிறார்களே, உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் இரண்டாம் வகை. நான் யாஷிகா எலக்ட்ரோ 35 என்ற ரேஞ்ச்பைண்டரில் நான்கு ஆண்டுகள் படம் எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாகக் கறுப்பு வெள்ளை டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். விழுப்புரம், திண்டிவனம் பக்கம்தான் என் படங்கள் எல்லாம். எனவே உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

ரேஞ்ச்பைண்டர் என்பது என்ன?

நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறு கோணங்களில் பார்க்கின்றன. அந்தக் கோண வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. ரேஞ்ச்பைண்டர் கேமராவும் இதையே செய்கிறது. அதன் முகத்தில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு ஜன்னல்கள் இருக்கும். இரண்டிலும் தெரியும் காட்சி உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாக விழும். லென்ஸைத் திருப்பினால் இரண்டாவது காட்சி நகரும். இரண்டும் சரியாகப் பொருந்தும் இடத்தில் போகஸ் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

லைகா நிறுவனம் 1932ல் இந்த அமைப்பை கேமராவின் உள்ளேயே லென்ஸுடன் இணைத்துக் கொடுத்தது. 1954ல் வந்த எம்3 மாடல் இந்த வகையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. லைகா வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஜப்பானிய கேமராக்கள் கைகொடுத்தன. யாஷிகா எலக்ட்ரோ 35 வந்தது 1966ல். 45 மிமீ, எப்/1.7 லென்ஸ். அதைக் கழற்றி வேறு லென்ஸ் மாட்ட முடியாது. அபர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தை கேமராவே முடிவு செய்யும். வெளிச்சம் குறைந்தால் மஞ்சள் விளக்கு, அதிகமானால் சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான்.

இந்த வகை கேமராவில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனியான கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். படத்தில் விழப்போகும் பகுதியை ஒரு கோடு சுற்றிக் காட்டும். கோட்டுக்கு வெளியே நடப்பதும் தெரியும். சைக்கிளில் ஒருவர் கட்டத்துக்குள் நுழையப் போகிறார் என்பது நுழைவதற்கு முன்பே தெரிந்துவிடும். தெருவில் படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் நம் பகுதிக்கு வந்தபோது கையில் வைத்திருந்ததும் லைகா ரேஞ்ச்பைண்டர்தான். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அவர் அங்கு இருந்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் படம் எடுத்தார். சிறிய கேமரா, கறுப்பு வெள்ளை பிலிம். அந்தப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

பிலிமில் இன்று என்ன சிக்கல்?

ஊட்டியில் 1960ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இப்போது நமக்குக் கிடைக்கும் கறுப்பு வெள்ளை பிலிம் ரோல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் இருந்து வருபவை. ஒரு ரோலுக்கு 36 படங்கள். எங்கள் ஊர் ஸ்டூடியோக்கள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால் நான் ரோலைக் கூரியரில் அனுப்பினேன், அல்லது வீட்டிலேயே கழுவினேன்.

வீட்டில் கழுவுவதில் நம் ஊருக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது. பிலிம் கழுவும் நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குத் தரப்பட்டவை. கோடாக் டிரை-எக்ஸ் 400 பிலிமை டி-76 டெவலப்பரில் 20 டிகிரியில் கழுவ ஏறத்தாழ 7 நிமிடம். வெப்பம் கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். 24 டிகிரியில் அது ஏறத்தாழ 5 நிமிடமாகிவிடும். மே மாதத்தில் விழுப்புரத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நேரம் மிகவும் குறைந்தால் மருந்து பிலிமில் ஒரே சீராக வேலை செய்யாது, திட்டுத் திட்டாக விழும். எனவே கோடையில் ஐஸ் கட்டி வாங்கி வைத்துக்கொண்டுதான் கழுவ வேண்டும்.

யாஷிகாவுக்கு இன்னொரு சிக்கல் பேட்டரி. அதற்கென வடிவமைக்கப்பட்ட 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. 6 வோல்ட் அல்கலைன் பேட்டரியை அடாப்டரில் போட்டு ஓட்ட வேண்டியிருக்கிறது.

இத்தனையும் இருந்தும் பிலிமை விட மனம் வராததற்குக் காரணம், அதன் கறுப்பு வெள்ளைத் தரம். சாதாரண டிஜிட்டல் படத்தில் கலரை நீக்கிப் பார்த்தால் அந்த அழுத்தம் வருவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

சென்சாருக்குக் கலர் தெரியாது

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். டிஜிட்டல் கேமராவின் சென்சார் இயல்பாகவே கலர் அறியாதது. அதில் உள்ள கோடிக்கணக்கான சிறு குழிகள் ஒவ்வொன்றும், தன் மீது எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டுமே எண்ணும். மழை நாளில் முற்றத்தில் வரிசையாக வாளிகளை வைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வாளியில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லலாம். தண்ணீரின் நிறத்தைச் சொல்ல முடியாது.

அப்படியானால் கலர் எங்கிருந்து வருகிறது? கோடாக் நிறுவனத்தில் பணிபுரிந்த பிரைஸ் பேயர் கண்டுபிடித்த முறைக்கு 1976ல் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு சிறு கலர் மூடி. பாதிக் குழிகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். ஒவ்வொரு குழியும் தன் மூடியின் நிறத்தை மட்டும் எண்ணும். மீதி இரண்டு நிறங்களைப் பக்கத்துக் குழிகளைப் பார்த்து கேமராவில் உள்ள சாப்ட்வேர் கணக்கிட்டு நிரப்பும்.

அதாவது 24 மெகாபிக்சல் கலர் கேமராவில் 1 கோடியே 20 லட்சம் பச்சை, 60 லட்சம் சிவப்பு, 60 லட்சம் நீலக் குழிகள் இருக்கின்றன. உங்கள் படத்தில் உள்ள கலர் விவரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரடியாக அளக்கப்பட்டது அல்ல, கணித்து நிரப்பப்பட்டது. கணிப்பு மிக நன்றாகவே இருக்கும். இருந்தாலும் கணிப்புதான்.

மூடியை எடுத்துவிட்டால்...

கறுப்பு வெள்ளை சென்சாரில் இந்தக் கலர் மூடிகள் கிடையாது. அதனால் கிடைக்கும் லாபங்கள் மூன்று.

முதலாவது, கூடுதல் வெளிச்சம். ஒரு கலர் மூடி வெள்ளை வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். மூடி இல்லையென்றால் முழு வெளிச்சமும் சென்சாருக்குப் போகும். லைகா எம்9 என்ற கலர் மாடலின் அடிப்படை ஐஎஸ்ஓ 160. அதே 18 மெகாபிக்சல் சென்சாரைக் கலர் மூடி இல்லாமல் பொருத்தி 2012 மே மாதம் அறிவித்த எம் மோனோகுரோமின் அடிப்படை ஐஎஸ்ஓ 320. சரியாக இரண்டு மடங்கு.

இரண்டாவது, கூர்மை. ஒவ்வொரு பிக்சலும் நேரடியாக அளக்கப்பட்டது என்பதால் கல்லின் சொரசொரப்பு, தோலின் சுருக்கம், தலைமுடி எல்லாம் தெளிவாக விழும்.

மூன்றாவது, இருட்டில் வரும் புள்ளிகள். கலர் கேமராவில் ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள் தோன்றும். கறுப்பு வெள்ளை சென்சாரில் கலர்த் திட்டுகளுக்கு வழியே இல்லை. வரும் புள்ளிகள் பழைய பிலிம் மணி போல இருக்கும். கண்ணை உறுத்தாது.

விழுப்புரத்தில் இருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு குடைவரைக் கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு சொல்லும் கோயில். உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு. தொல்லியல் துறை இடங்களில் ஸ்டாண்டு வைத்துப் படம் எடுக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஐஎஸ்ஓ 400 பிலிமில் கையில் பிடித்து உள்ளே எடுப்பது மிகவும் கடினம். கறுப்பு வெள்ளை டிஜிட்டலில் ஐஎஸ்ஓவை 6400க்கு மேல் வைத்துக் கையில் பிடித்தே எடுக்கலாம். உளி பட்ட தடம் கூடத் தெரிகிறது.

பழைய பில்டர்களைத் தூக்கிப் போடாதீர்கள்

கலர் கேமராவில் எடுத்த படத்தை கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது, நீல வானத்தைக் கறுப்பாக்கு, செம்மண்ணை வெளுப்பாக்கு என்று சாப்ட்வேருக்குக் கட்டளை கொடுக்கலாம். கலர் விவரம் பைலில் இருப்பதால் இது முடிகிறது. கறுப்பு வெள்ளை கேமராவின் பைலில் அந்த விவரமே இல்லை. எடுத்த பிறகு மாற்ற முடியாது. எடுக்கும் முன்பே லென்ஸில் கலர் கண்ணாடி பில்டர் மாட்ட வேண்டும், பிலிம் காலத்தில் செய்தது போலவே.

வானூர், திருவக்கரை பக்கம் செம்மண் பூமி. முந்திரித் தோப்புகள் நிறைய. கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று வேறுபட்டுத் தெரியும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாக விழுந்துவிடும். ஆரஞ்சு பில்டர் மாட்டினால் மண் வெளுக்கும், இலை கறுக்கும், வானமும் அழுத்தமாகும். பச்சை பில்டர் மாட்டினால் இலை வெளுக்கும், மண் கறுக்கும்.

பில்டர் போட்டால் வெளிச்சம் குறையும். மஞ்சளுக்கு 2 மடங்கு, ஆரஞ்சுக்கு 4 மடங்கு, சிவப்புக்கு 8 மடங்கு வரை கூடுதல் வெளிச்சம் தேவை. யாஷிகாவில் வெளிச்சம் அளக்கும் கண் கேமராவின் முகப்பில் தனியாக இருக்கிறது. அதற்கு நாம் பில்டர் போட்டது தெரியாது. 400 பிலிம் போட்டு மஞ்சள் பில்டர் மாட்டினால் ஐஎஸ்ஓ சக்கரத்தை 200க்கும், ஆரஞ்சு என்றால் 100க்கும் திருப்பி வைக்க வேண்டும். டிஜிட்டல் கேமரா லென்ஸ் வழியாக வந்த வெளிச்சத்தையே அளப்பதால் இந்தக் கணக்கு தேவையில்லை.

உப்பளத்தில் ஒரு பாடம்

பிலிமில் இருந்து வருபவர்கள் புதிதாகக் கற்க வேண்டிய முக்கியமான விஷயம் இது. நெகடிவ் பிலிம் அதிக வெளிச்சத்தைத் தாங்கும். குறைந்த வெளிச்சத்தைத்தான் தாங்காது. அதனால் பிலிமில் நிழலைப் பார்த்து அளவு வைப்பார்கள். டிஜிட்டல் இதற்கு நேர் எதிர். நிழலில் உள்ள விவரத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் மேலே கொண்டு வரலாம். வெளிச்சம் நிரம்பி வழிந்துவிட்டால் அந்த இடம் வெறும் வெள்ளை. வாளி நிரம்பிய பிறகு எவ்வளவு மழை பெய்தது என்று சொல்ல முடியாது அல்லவா? அதுபோலத்தான்.

கலர் கேமராவில் ஒரு நிறம் வழிந்தாலும் மற்ற இரண்டு நிறங்களை வைத்து ஓரளவு மீட்கலாம். கறுப்பு வெள்ளையில் அந்த வாய்ப்பும் இல்லை. வழிந்தால் போயிற்று.

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போனால் உப்பளங்கள். காலை 8 மணிக்கே உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசும். வெயிலில் கறுத்த முகங்கள் ஒரு பக்கம், வெள்ளை உப்பு மறுபக்கம். இங்கே எக்ஸ்போஷரை மைனஸ் 1 வரை குறைத்து வையுங்கள். எடுத்தவுடன் கேமராத் திரையில் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வரைபடம் வலது ஓரத்தில் சுவரேறி நின்றால் இன்னும் குறைக்க வேண்டும். முகம் திரையில் இருட்டாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், வீட்டுக்கு வந்து உயர்த்திக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டி சட்டைக்கும் இதே விதிதான்.

கழற்ற முடியாத லென்ஸ் குறையா?

கியூ2 மோனோகுரோமில் 28 மிமீ, எப்/1.7 லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. 2025 நவம்பரில் வந்த கியூ3 மோனோகுரோமிலும் அப்படியே. ரிகோ நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்த ஜிஆர் 4 மோனோகுரோமும் 28 மிமீக்கு இணையான காட்சி தரும் சிறிய கேமராதான். லென்ஸ் மாற்றக்கூடிய கறுப்பு வெள்ளை கேமராக்களும் உண்டு. லைகாவின் எம் வரிசையையும், 2023ல் வந்த பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோகுரோமையும் சொல்லலாம்.

கழற்ற முடியாத லென்ஸில் நன்மைகள் இருக்கின்றன. லென்ஸும் சென்சாரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வடிவமைக்கப்பட்டவை. லென்ஸ் மாற்றும்போது தூசி நுழையும் என்ற பேச்சே இல்லை. செம்மண் புழுதியில் இது பெரிய நிம்மதி. கியூ2வில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் மிகக் குறைவு.

தூரத்தில் உள்ளதைப் பெரிதாக்க ஜூம் கிடையாது. படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதுதான். 47.3 மெகாபிக்சல் படத்தை 35 மிமீ லென்ஸில் எடுத்தது போல வெட்டினால் சுமார் 30 மெகாபிக்சல் மிஞ்சும். 50 மிமீ போல என்றால் 15, 75 மிமீ போல என்றால் 7க்குக் கொஞ்சம் குறைவு. 8க்கு 12 அங்குலப் பிரிண்டுக்கு 9 மெகாபிக்சல் போதும். எனவே 50 மிமீ வரை கவலையில்லை.

ரேஞ்ச்பைண்டர் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. முழு அளவு சென்சாரில், 28 மிமீ லென்ஸில் அபர்ச்சரை எப்/8 வைத்து, போகஸை ஏறத்தாழ 3.3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். சுமார் 1.7 மீட்டரில் இருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எல்லாம் போதுமான கூர்மையாக இருக்கும். திண்டிவனம் சந்தையில் நான் இப்படித்தான் எடுக்கிறேன். கேமரா போகஸ் தேடும் நேரம் மிச்சம்.

வியூபைண்டர் மட்டும் பழக நாளாகும். இது மின் திரை. கட்டத்துக்கு வெளியே நடப்பது தெரியாது. அதற்குப் பதிலாக உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும். எந்த நிறம் எந்தச் சாம்பலாக விழும் என்று படம் எடுக்கும் முன்பே பார்த்துவிடலாம்.

இனி கம்ப்யூட்டர் வேலை

கேமராவில் ஜேபெக், ரா என்று இரண்டு வகை பைல் இருக்கும். ஜேபெக் பைலில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள் மட்டுமே. 14 பிட் ரா பைலில் 16,384 படிகள். கறுப்பு வெள்ளையில் நமக்குக் கிடைப்பதே இந்தப் படிகள்தான் என்பதால் ரா வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? 24 மெகாபிக்சல் ரா பைல் சுருக்காமல் இருந்தால் சுமார் 42 எம்பி. 36 படங்கள், அதாவது ஒரு பிலிம் ரோல் அளவு எடுத்தால் ஒன்றரை ஜிபி. 47 மெகாபிக்சல் என்றால் இதைப் போல இரு மடங்கு. எனவே ஹார்ட் டிஸ்க் வாங்கும்போதே இதையும் கணக்கில் வையுங்கள். ரேம் 8 ஜிபி இருந்தால் வேலை நடக்கும். 16 இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முறை:

1. மெமரி கார்டை கார்டு ரீடரில் செருகுங்கள். பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, கார்டில் டிசிஐஎம் என்ற போல்டருக்குள் செல்லுங்கள்.

2. கம்ப்யூட்டரில் தேதியில் தொடங்கும் பெயருடன் புதிய போல்டர் உருவாக்குங்கள். உதாரணமாக 20250713 செஞ்சி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் போல்டர்கள் தாமாகவே காலவரிசையில் நிற்கும்.

3. கார்டில் உள்ள எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து காப்பி செய்திடுங்கள். கட் செய்ய வேண்டாம். பாதியில் மின்சாரம் போனாலும் கார்டில் மூலப் படம் பத்திரமாக இருக்கும்.

4. இரண்டு போல்டர்களிலும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். பைல் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. வெளி ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது பிரதி எடுங்கள். அதன் பிறகே கார்டை அழியுங்கள். அழிக்கும் வேலையைக் கேமராவிலேயே செய்யுங்கள்.

திருத்துவதற்கு டார்க்டேபிள், ராதெரபி என்ற இரண்டு இலவச சாப்ட்வேர்கள் உள்ளன. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இரண்டும் மூலப் படத்தைத் தொடுவதில்லை. நீங்கள் செய்த மாற்றங்களைத் தனியாக ஒரு சிறு பைலில் எழுதி வைக்கும். டார்க்டேபிள் என்றால் எக்ஸ்எம்பி, ராதெரபி என்றால் பிபி3. பிரதி எடுக்கும்போது இந்தச் சிறு பைல்களையும் சேர்த்தே எடுங்கள். இல்லையென்றால் படம் இருக்கும், உங்கள் உழைப்பு இருக்காது.

மானிட்டரில் நைட் லைட் வசதி இயங்கினால் நிறுத்திவிடுங்கள். சாம்பல் நிறமெல்லாம் மஞ்சளாகத் தெரியும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படம் பச்சை அல்லது ஊதா சாயலில் வந்தால், பிரிண்ட் விண்டோவில் கிரேஸ்கேல் என்பதைத் தேர்வு செய்து பாருங்கள்.

பழைய நெகடிவ் டிரங்குப் பெட்டியில் 50 ஆண்டு கிடந்தாலும், ஈரமும் பூஞ்சையும் தாக்காவிட்டால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களில் இருந்து சேர்த்து வைத்துள்ள தென்னிந்தியக் கோயில் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. தமிழக ஸ்டூடியோக்களில் கிடந்த பழைய குடும்பப் படங்களையும், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன் அந்த நிறுவனம் டிஜிட்டலில் பதிவு செய்தது. அந்தப் படங்கள் பிழைத்ததற்குக் காரணம் நெகடிவும் பிரிண்டும் கையில் இருந்ததுதான். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் திடீரென நின்றுவிடும். எனவே மூன்று பிரதிகள், இரண்டு வகை இடங்களில், அதில் ஒன்று வேறு வீட்டில் என்ற விதியைப் பின்பற்றுங்கள். என் மூன்றாவது பிரதி திண்டிவனத்தில் பெரியப்பா வீட்டு பீரோவில் இருக்கிறது. மிக முக்கியமான படங்களைப் பிரிண்டும் போட்டுவிடுங்கள்.

எதை இழக்கிறோம்?

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் ஆயாவை வாசல் திண்ணையில் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழ, முகத்தின் ஒவ்வொரு கோடும் தெரியும் படம். ஆயா இப்போது இல்லை. அந்தப் படம்தான் மாலை போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறது. காரியம் முடிந்த மறுவாரம் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு ஆயா கட்டியிருந்தது அரக்கா, பச்சையாடா?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. அப்பாவுக்கும் நினைவில்லை. பைலைத் திறந்து பார்த்தால் மட்டும் என்ன? 16,384 படிகளில் ஒரு சாம்பல் இருக்கிறது. அரக்கும் பச்சையும் அதே சாம்பலாக விழக்கூடியவை.

கலர் கேமராவில் எடுத்திருந்தால் அந்த முகம் இவ்வளவு துல்லியமாக வந்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும். கறுப்பு வெள்ளை சென்சார் கலரை மறைத்து வைக்கவில்லை, பதிவே செய்யவில்லை. எந்த சாப்ட்வேரும் அதைத் திரும்பக் கொண்டு வராது. பின்னால் கலர் ஏற்றித் தரும் சாப்ட்வேர்கள் செய்வது ஊகம் மட்டுமே. இப்போது நான் வீட்டு மனிதர்களை எடுக்கும்போது, போனில் ஒரு கலர் படமும் எடுத்து அதே போல்டரில் போட்டுவிடுகிறேன்.

வாங்கும் முன் ஒரு மாதச் சோதனை

நான் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கேமராவின் விலைக்கு இரண்டு பைக் வாங்கலாம் என்று அப்பா சொன்னார். அவர் சொன்னது உண்மை. எனவே நீங்கள் செலவில்லாமல் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

உங்களிடம் இருக்கும் கேமராவில் மோனோகுரோம் என்ற வசதியைப் போட்டு, பைல் வகையில் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துத் தேர்வு செய்யுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும். ரா பைலில் கலர் பத்திரமாக இருக்கும். ஜூம் லென்ஸ் என்றால் ஒரே இடத்தில் டேப் ஒட்டி நிறுத்திவிடுங்கள். போன் என்றால் முதன்மைக் கேமராவை மட்டும், ஜூம் செய்யாமல் பயன்படுத்துங்கள். ஒரு மாதம் இப்படி எடுங்கள்.

மாதக் கடைசியில் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, எத்தனை படங்களின் கலரைத் தேடிப் போனீர்கள், எத்தனை இடங்களில் ஜூம் இல்லாமல் திணறினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் அதிகம் என்றால் இந்த வகை கேமரா உங்களுக்கு ஏற்றதல்ல. ரேஞ்ச்பைண்டர் போன்ற ஜன்னல் மட்டும் வேண்டும் என்றால் புஜிபிலிம் எக்ஸ்100 வரிசையைப் பாருங்கள். கழற்ற முடியாத லென்ஸ், கோடு காட்டும் கண்ணாடி வியூபைண்டர், கலர் சென்சார். 2017ல் வந்த எக்ஸ்100எப் மாடலில் இருந்து ஏக்ரோஸ் என்ற நல்ல கறுப்பு வெள்ளை வசதியும் உண்டு.

இரண்டும் குறைவு என்றால், இருட்டில் எடுப்பதும் பெரிய பிரிண்ட் போடுவதும் உங்களுக்கு முக்கியம் என்றால், கறுப்பு வெள்ளை சென்சார் பணத்துக்கு ஈடு கொடுக்கும். வாங்கிய பிறகும் பழைய ரேஞ்ச்பைண்டரை விற்க வேண்டாம். யாஷிகாவின் லென்ஸில் மாட்டியிருந்த மஞ்சள் பில்டரை, அளவு பொருத்தும் வளையம் ஒன்று வாங்கி டிஜிட்டலிலும் பயன்படுத்தலாம்.